கயோட்டியைக் கூப்பிடும் கருவிக்கு எவ்வளவு சத்தம் வைப்பது?

டெக்சாஸில் லப்பக் பக்கம், நண்பரின் மாட்டுப் பண்ணை. கன்று ஈனும் சமயம் என்பதால் கயோட்டி (ஓநாய்க்கு உறவான, நரி போன்ற காட்டு விலங்கு) தொல்லை. அதை வரவழைத்து வேட்டையாட எங்களிடம் இருப்பது ரிமோட்டில் இயங்கும் எலக்ட்ரானிக் காலர் (caller), அதாவது இரை விலங்குகளின் சத்தத்தை ஸ்பீக்கரில் எழுப்பும் கருவி. வால்யூம் 0 முதல் 40 வரை.

கயோட்டி வராமல் இல்லை. வருகிறது, ஆனால் முந்நூறு கஜ தூரத்திலேயே நின்றுவிடுகிறது. காதை விறைத்து ஸ்பீக்கர் இருக்கும் புதரையே பார்க்கும். அப்புறம் காற்று போகும் பக்கமாகச் சுற்றிப்போய் மோப்பம் பிடித்து மறைந்துவிடும்.

ஜனவரி முதல் முயல் அலறல்தான் போடுகிறோம். 30-க்கு மேல் வைத்தால் இப்படி நிற்கிறது. 10-இல் வைத்தால் எதுவுமே வருவதில்லை; இங்கே காற்று அடிக்கிற அடியில் அந்தச் சத்தம் வேலியைத் தாண்டுமா என்பதே சந்தேகம். ஸ்பீக்கரை எங்களிடமிருந்து அறுபது கஜம் தள்ளி வைத்தும், பக்கக் காற்றில் உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. விடியற்காலை, அந்தி இரண்டிலும் இதே கதைதான். எலி கீச்சொலி மட்டும் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

மறைவே இல்லாத வெட்டவெளி இது. குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுபவர்கள், கயோட்டி கண்ணில் பட்டதும் வால்யூமைக் குறைப்பீர்களா, அப்படியே விடுவீர்களா, அடியோடு நிறுத்திவிடுவீர்களா?