அம்மாபேட்டை வீடு குழுவில் நித்யாவின் கவுன்சிலிங் பேச்சு

பெரியப்பா (காலை 6.40): நித்யாவுக்கு கட்-ஆஃப் 187, ரொம்ப சந்தோஷம். கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கப் போகிறாளாம். சாந்தி, நீ பாடம் நடத்துகிறவள், அதனால் கேட்கிறேன். நம் தெருப் பையன் ஒருவன் மூன்று மாத கோர்ஸ் முடித்து பெங்களூரில் வேலையில் இருக்கிறான். நான்கு வருடம் உட்கார வைத்து நீங்கள் என்னதான் சொல்லித் தருகிறீர்கள்?

சித்தப்பா: நானும் கேட்க நினைத்தேன் அக்கா. இப்போது ஏஐயே புரோகிராம் எழுதிக் கொடுக்கிறது.

சாந்தி அத்தை (7.15): அண்ணா, நல்ல கேள்வி. அந்தப் பையன் மூன்று மாதத்தில் கற்றது ஒரு மொழி, பைத்தானோ ஜாவாவோ. அது எங்களுக்கு ஒரு செமஸ்டர் வேலை. சி மொழி, கணக்கு, இயற்பியல் என்று முதல் வருடம் ஓடிவிடும். உண்மையான படிப்பு இரண்டாம் வருடம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில்தான் தொடங்குகிறது, அதாவது தகவலை எப்படி அடுக்கி வைத்தால் எவ்வளவு சீக்கிரம் எடுக்கலாம் என்பது. அகர வரிசையில் அடுக்கிய 1000 பெயரில் ஒன்றைத் தேட, நடுவில் பார், முன்பாதியா பின்பாதியா என்று முடிவு செய், பாதியைத் தள்ளு. அதிகபட்சம் 10 முறை பார்த்தால் போதும். பெயர்கள் 10 லட்சமானாலும் 20 முறைதான். வகுப்பில் இதைச் சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள், நோட்டில் பாதி பாதியாக வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்வார்கள்.

சாந்தி அத்தை: தம்பி, ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் லேபில் ஒரு பெண், பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்க்கும் புரோகிராமை ஏஐயிடம்தான் எழுதி வாங்கி வந்தாள். 100 பெயருக்குச் சட்டென்று விடை வந்தது. ஒரு லட்சம் பெயர் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன், நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயரோடும் ஒப்பிட்டால் சுமார் 500 கோடி ஒப்பீடு ஆகிறது. முதலில் வரிசைப்படுத்திவிட்டுப் பக்கத்துப் பக்கத்துப் பெயரை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய 17, 18 லட்சத்தில் முடிந்துவிடும். ஏஐ கொடுத்த அந்த புரோகிராமிலும் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் அது எங்கே தாங்கும், எங்கே தாங்காது என்று பார்க்கத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் இந்தப் படிப்பு.

நித்யா: அத்தை, ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் ரொம்பக் கஷ்டம் என்று சீனியர்கள் சொல்கிறார்களே?

சாந்தி அத்தை: கஷ்டம்தான், ஆனால் எனக்குப் பிடித்த பாடம். கம்ப்யூட்டருக்குள் மற்ற புரோகிராம்களையெல்லாம் கட்டி மேய்க்கிற புரோகிராம்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதல்லவா? ஒரு வளைவில் மேலே போகிற பஸ்ஸும் கீழே வருகிற லாரியும் எதிரெதிரே மாட்டிக்கொள்கின்றன. பஸ்ஸுக்கு லாரி நிற்கிற இடம் வேண்டும், லாரிக்கு பஸ் நிற்கிற இடம் வேண்டும், இரண்டும் விடாது. இதுதான் டெட்லாக். கம்ப்யூட்டருக்குள் இரண்டு புரோகிராம்கள் இப்படியே ஒன்றையொன்று பார்த்து நிற்கும். நான்கு நிபந்தனை சேர்ந்தால்தான் இது வரும், ஒன்றை உடைத்தாலும் போதும். மலையில் ஏறுகிற வண்டிக்கே முதல் வழி என்று விதி வைத்திருக்கிறார்களே, இறங்குகிறவர் தான் பிடித்த இடத்தை விட்டுப் பின்னால் போகிறார், முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது.

அம்மா: இப்படிச் சொன்னால் எனக்கே புரிகிறது அண்ணி.

சாந்தி அத்தை: டேட்டாபேஸ், நெட்வொர்க்ஸ், கம்பைலர் என்று இன்னும் இருக்கிறது. எல்லாம் இங்கே எழுதினால் காலை டிபன் ஆறிவிடும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்த புரோகிராமைக் கொடுத்தாலும் அது எப்போதாவது நிற்குமா நிற்காதா என்று தவறாமல் சொல்லும் ஒரு பொது வழியே கிடையாது என்று இங்கிலாந்துக் கணித அறிஞர் ஆலன் டூரிங் 1936-லேயே நிரூபித்துவிட்டார். அப்போது கடைகளிலோ வீடுகளிலோ கம்ப்யூட்டர் என்ற ஒன்று இல்லை. வேலைக்கு இது எதற்கு மேடம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். முடியாத காரியம் எது என்று தெரிந்தவன்தான் அதன் பின்னால் வருடக்கணக்கில் ஓட மாட்டான் என்பேன்.

பெரியப்பா (7.52): சரி சாந்தி. நம் தறியில் ஜக்கார்டு அட்டை இருக்கிறதே, அதுவும் இந்த வழிதானா? ஓட்டை இருக்கிற இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது.

சாந்தி அத்தை: அதே வழிதான் அண்ணா! பிரான்சில் ஜக்கார்டு இந்தத் தறியைக் கொண்டுவந்தது 1804-இல். அந்த அட்டை யோசனையைத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஓட்டை உண்டு, இல்லை. கம்ப்யூட்டருக்கு ஒன்று, பூஜ்யம். அப்பா தறியில் உட்கார்ந்து இதையேதான் செய்துகொண்டிருந்தார், எனக்கு அது கல்லூரியில் மூன்றாம் வருடம் வந்துதான் உறைத்தது. அன்றைக்கு ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு போன் போட்டேன், நினைவிருக்கிறதா?

பெரியப்பா: நினைவிருக்கிறது. அப்பா அன்று முழுக்க எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நித்யா: பெரியப்பா, கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டைக்கே திரும்ப வருமா? எல்லாவற்றையும் நூலால் கோத்து வட்டமாகத்தானே விட்டிருக்கும்? அப்போது அது லூப்!

பெரியப்பா: ஆமாம்மா, அதனால்தான் பார்டரில் பூ திரும்பத் திரும்ப வருகிறது. நடுவில் ஒரு அட்டை மாறிக் கோத்தாலும் சேலை முழுக்க அதே இடத்தில் தப்பு வந்துகொண்டே இருக்கும்.

அம்மா: அண்ணி, காலேஜ் எது போடுவது? பீஸும் பார்க்க வேண்டும்.

சாந்தி அத்தை: நம் சேலம் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியை மேலே போடு, பீஸும் குறைவு. அது கிடைக்காவிட்டால் பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸும் நல்ல வழிதான், 3 வருடம், வேண்டுமானால் மேலே எம்சிஏ 2 வருடம். ஆனால் எங்கே போட்டாலும் முதலில் அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள், லேபில் தாங்களே தட்டிப் பார்க்க விடுகிறார்களா, இல்லை ரெக்கார்டு நோட்டை அடுத்தவரைப் பார்த்து எழுதச் சொல்கிறார்களா என்று. நான் படித்த இடத்தில் இரண்டாவதுதான் நடந்தது, அந்த ஒரு வருடத்தை மீட்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.

சித்தப்பா: நாளைக்கே விசாரித்துச் சொல்கிறேன் அக்கா, என் கடைக்கு அந்தப் பக்கப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள்.

நித்யா: பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை தறிக்கு வரட்டுமா? அட்டையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரியப்பா: எட்டு மணிக்குள் வந்துவிடு. புது டிசைன் அட்டை மாட்டப் போகிறேன், ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.