"ஒரு மணித்தியாலம்தானே" என்பவர்களுக்கு, இரவு வேலை செய்கிற ஒருத்தி எழுதுவது

வருடத்தில் இரண்டு தரம் மணிக்கூட்டை மாற்றுவதை நிறுத்தவேண்டுமா என்ற இந்த இழையில், மேலே இரண்டு மூன்று பேர் "ஒரு மணித்தியாலம்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு கதை" என்று எழுதியிருப்பதைப் படித்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு நேர நர்ஸ். மணிக்கூடு மாறுகிற ஞாயிறுகளில் பெரும்பாலும் எனக்கு வேலை விழும். மார்ச்சில் இரண்டு மணி ஆகும்போதே மூன்று ஆகிவிடும், நவம்பரில் இரண்டு மணி ஆனதும் திரும்ப ஒரு மணி. முன்னால் தள்ளி வைப்பது கோடை நேரம், திரும்பி வருவது குளிர்கால நேரம். வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது, விடிய எழும்பி அடுப்பிலும் காரிலும் நேரத்தைத் திருத்தினால் வேலை முடிந்தது.

எங்கள் இல்லத்தில் பார்கின்சன் நோயுள்ள ஓர் ஐயா இருந்தார். அந்த நோய்க்கு மாத்திரை நேரத்துக்குப் போக வேண்டும், தாமதமானால் உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகிவிடும். இரவு பத்துக்கு ஒன்று, காலை ஆறுக்கு ஒன்று என்று அவருக்கு எழுதியிருந்தது. நவம்பர் மாற்றம் நடந்த இரவில் பத்துக்கும் ஆறுக்கும் நடுவில் எட்டு அல்ல, ஒன்பது மணித்தியாலம். அவருடைய உடம்புக்கு மணிக்கூட்டைப் பற்றி என்ன தெரியும்? வழக்கமாக எழும்பும் வேளைக்கே விழித்துவிட்டார், கை கால் அசையவில்லை, புரண்டு படுக்கக்கூட முடியவில்லை, கண்ணால் மட்டும் என்னைப் பார்த்தார். மருத்துவர் எழுதிய நேரத்தை நானாக மாற்ற முடியாது. மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, அனுமதி வாங்கி, மாத்திரையைக் கொடுத்து, அது வேலை செய்யும்வரை அவர் பக்கத்திலேயே இருந்து காலைப் பிடித்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மாற்றம் வருவதற்கு முன்பே மருத்துவரோடு பேசி, அப்படியான நோயாளிகளுக்கு நேரத்தைக் கால் மணி கால் மணியாக நகர்த்த ஒழுங்கு செய்கிறோம். யாருக்காக இந்த வேலை? ஒருவருக்கும் பிரயோசனம் இல்லாத ஒன்றுக்காக.

இன்னொரு நவம்பர். இரவு 1:40க்கு ஓர் அம்மா குளியலறைக்குப் போகும் வழியில் விழுந்துவிட்டார். யாரும் பார்க்காமல் விழுந்தால் தலையில் அடிபட்டிருக்கிறதா என்று முதல் ஒரு மணித்தியாலத்துக்குக் கால் மணிக்கு ஒருதரம் கண்மணி, இரத்த அழுத்தம், பேச்சு எல்லாம் பார்த்துப் பதிய வேண்டும். 1:55க்குப் பார்த்தேன். அடுத்தது 2:10க்கு, ஆனால் மணிக்கூடு 1:10 என்கிறது. அதன்பிறகு 1:25, பிறகு இன்னொரு 1:40. கணினி எல்லாவற்றையும் நேர வரிசையில் அடுக்கிவிட்டது. காலையில் வந்த நர்ஸ் பதறிப்போய்க் கேட்டார், "என்ன அக்கா, விழ முதலே தலைக்காயம் பார்த்த மாதிரிக் கிடக்கு?" நான் ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் "பழைய நேரம்", "புது நேரம்" என்று குறித்திருந்ததால்தான் தெளிவாயிற்று. அந்தப் பழக்கம் எனக்கு ஊரிலிருந்து வந்தது.

1996இல் நாங்கள் இலங்கையில், அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்த வவுனியாவில் இருந்தோம். அந்த வருடம் மழை இல்லை, நீர்த்தேக்கங்கள் வற்றி மின்சாரத் தட்டுப்பாடு. வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று மே மாதக் கடைசியில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தார்கள், மீதி அரை மணி 2006 சித்திரைப் புத்தாண்டுவரை அப்படியே இருந்தது. வவுனியாவுக்கு வடக்கே வன்னியிலோ புலிகளின் நிர்வாகம் அந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. அங்கே மின்சாரமே இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த காலம், மணிக்கூட்டை நகர்த்தி எதைச் சேமிப்பது? ஒரே நாட்டுக்குள் இரண்டு நேரம். கல்யாணமா, ரியூசனா, பஸ்ஸா, எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி "பழைய நேரமோ, புது நேரமோ?" என்பதுதான். யுத்தத்தால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002இல் திறந்தபிறகு அம்மம்மாவைப் பார்க்க கிளிநொச்சிக்குப் போனால், இராணுவச் சாவடி இருந்த ஓமந்தை தாண்டியதும் வான் வண்டியில் இருந்த எல்லோரும் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னால் திருப்புவார்கள். அம்மம்மா சிரிப்பார், "சூரியன் உங்களுக்கு வேற, எங்களுக்கு வேறயோ பிள்ளை?"

அந்த ஒரு மணித்தியாலம் கூடியிருந்த மாதங்களில் எனக்கு மறக்காமல் நிற்பது காலை இருட்டு. ஆறு மணி ரியூசனுக்கு நல்ல இருட்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போக வேண்டும். சோதனைச் சாவடிகள் இருந்த ஊரில், அந்தக் காலத்தில், பெண்பிள்ளைகள் இருட்டில் வீதிக்கு இறங்குவது என்றால் என்ன என்று அங்கே வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒழுங்கை முடியும்வரை அம்மா பின்னாலேயே நடந்து வருவா.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே பலர் "மாற்றுவதை நிறுத்தவேண்டும், ஆனால் கோடை நேரத்தையே நிரந்தரமாக வைக்கவேண்டும்" என்று எழுதுகிறீர்கள். என் அண்ணாவும் அதே கட்சி. வேலை முடிந்து வந்து ஒன்பது மணிவரை வெளிச்சத்தில் வொலிபோல் ஆடலாம் என்பது அவருடைய நியாயம், அந்தச் சந்தோசம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ரொறன்ரோவில் ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 7:50க்கு. கோடை நேரத்தை நிரந்தரமாக்கினால் அது 8:50. சின்னப் பிள்ளைகள் பனியில், இருட்டில் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அமெரிக்கா இதை 1974 ஜனவரியில் செய்துபார்த்தது. எண்ணெய் நெருக்கடிக் காலம், நிக்சன் ஜனாதிபதி. பிள்ளைகள் இருட்டில் போவதைப் பார்த்துப் பெற்றோர் கொதித்துப்போனார்கள், அந்த வருடம் ஒக்டோபருக்குள் சட்டத்தைத் திருத்திக் குளிர்காலத்துக்குப் பழைய நேரத்தையே கொண்டுவந்துவிட்டார்கள். ரஷ்யா 2011இல் கோடை நேரத்தை நிரந்தரமாக்கி, காலை இருட்டைத் தாங்கமாட்டாமல் 2014இல் குளிர்கால நேரத்துக்குப் போய் அங்கேயே நிற்கிறது. தூக்கத்தைப் பற்றி ஆராய்கிற மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கமும் நிரந்தரமாக வைப்பதென்றால் குளிர்கால நேரத்தைத்தான் வைக்கச் சொல்கிறது, ஏனென்றால் உடம்பின் உள்மணிக்கூடு காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்கிறது. மறதி நோயுள்ள முதியவர்களோடு வேலை செய்கிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள், காலையில் யன்னல் திரையை விலக்கி வெளிச்சம் முகத்தில் பட்டால் அவர்களுடைய நாள் எப்படி மாறுகிறது என்று சொல்வார்கள்.

வேறு ஒரு சங்கதி, இதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கனடாவின் பெரும்பகுதியும் அமெரிக்காவும் மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறுகின்றன, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் இரண்டு மூன்று வாரம் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் ஐந்து மணித்தியால வித்தியாசம் நான்காகிவிடும். எங்களைப்போல ஒரு குடும்பம் நாலு நாட்டில் சிதறிக் கிடக்கிறவர்களுக்கு அது சின்ன விசயமில்லை. பெரியப்பா இங்கே மார்ச் நடுப்பகுதியில் காலமானார். காலை பத்து மணிக்குக் கிரியை, நேரலை இணைப்பு எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. லண்டனில் இருக்கும் மச்சாளுக்கு விசா பிரச்சினை, வர முடியவில்லை. வழக்கம்போல ஐந்து மணித்தியாலம் கூட்டி அங்கே பின்னேரம் மூன்றுக்குத் திறந்திருக்கிறா. பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்கள். அவவைத் தூக்கி வளர்த்த மனுசன். "முகத்தை ஒருக்காப் பார்த்திருப்பன்" என்று இன்றைக்கும் அழுகிறா. நேரலை போட்டவர்கள் அந்தந்த நாட்டு நேரத்தையும் எழுதியிருக்கலாம், சரி. ஆனால் மணிக்கூட்டை யாரும் தொடாமல் இருந்திருந்தால் அந்தத் தேவையே வந்திராது.

சட்டம் என்ன நிலையில் இருக்கிறது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எங்கள் மாகாணமான ஒன்ராறியோ 2020இலேயே சட்டம் நிறைவேற்றிவிட்டது, கியூபெக்கும் நியூயோர்க் மாநிலமும் சேர்ந்து மாறினால்தான் நடைமுறைக்கு வரும் என்று நிபந்தனை போட்டு. அதுவும் கோடை நேரத்தை நிரந்தரமாக்குகிற சட்டம். நியூயோர்க்குக்கோ அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதி வேண்டும், கோடை நேரத்தை நிரந்தரமாக்க 2022இல் அங்கே செனட் ஏகமனதாக நிறைவேற்றிய மசோதாவைக் கீழவையான பிரதிநிதிகள் சபை எடுக்கவேயில்லை. ஐரோப்பாவிலும் இதே இழுபறி. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் கேட்டபோது 46 இலட்சம் பேர் கருத்துச் சொன்னார்கள், அதில் 84 சதவீதம் நிறுத்து என்றது, அடுத்த வருடம் ஐரோப்பிய நாடாளுமன்றமும் ஆதரித்தது, பிறகு உறுப்பு நாடுகளுக்குள் உடன்பாடு வரவில்லை. ஆனால் கனடாவிலேயே யூகான் பிரதேசம் 2020இல் மாற்றுவதை விட்டுவிட்டது, சஸ்காச்சுவான் மாகாணத்தின் பெரும்பகுதியில் மாற்றும் வழக்கமே இல்லை. அங்கெல்லாம் வாழ்க்கை நன்றாகத்தானே ஓடுகிறது. இத்தனைக்கும் 1908இலேயே கோடையில் மணிக்கூட்டை முன்னால் தள்ளிய ஊர் எங்கள் ஒன்ராறியோவில்தான் இருக்கிறது: அன்றைய போர்ட் ஆர்தர், இன்றைய தண்டர் பே. தொடங்கிவைத்த மாகாணமே பக்கத்து வீட்டுக்காரருக்குக் காத்திராமல் முடித்துவைக்கட்டும்.

என் தொகுதி மாகாணசபை உறுப்பினருக்கு இதையெல்லாம் எழுதிக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். மாற்றுவதை நிறுத்துங்கள், நிறுத்தும்போது குளிர்கால நேரத்தில் நிறுத்துங்கள் என்று. மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ இரவு வேலை செய்கிறவர்கள் இந்த இழையில் இருந்தால், அந்த இரண்டு இரவுகளில் உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் அவற்றையும் சேர்க்க நினைக்கிறேன், பெயரோ இடமோ போடமாட்டேன்.