டொம்தேவுக்கு வைத்த கஞ்சி

கிறிஸ்துமஸ் தாத்தாவை முதலில் எங்கே பார்த்தோம் என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். நான் முதலில் பார்த்தது அவருக்கு வைத்த கஞ்சியைத்தான்.

ஸ்வீடனுக்கு வேலைக்கு வந்த முதல் டிசம்பர். கூட வேலை செய்பவர் கல்மார் பக்கத்தில் இருக்கும் தன் அம்மாவின் பண்ணை வீட்டுக்கு அழைத்துப் போனார். 24ஆம் தேதி இருட்டியதும் அந்த அம்மா, பாலில் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சியில் ஒரு துண்டு வெண்ணெய் போட்டு, கிண்ணத்தைத் தொழுவத்து வாசலில் வைத்துவிட்டு வந்தார். டொம்தேவுக்காம். ஸ்வீடனில் கிறிஸ்துமஸ் தாத்தா அவர்தான்.

டொம்தே பண்ணையைக் காக்கும் குள்ளக் கிழவர். சாம்பல் நிற உடை, நீளத் தாடி. இரவெல்லாம் மாடு, குதிரைகளைப் பார்த்துக்கொள்வார். ஆனால் கோபக்காரர். ஒருமுறை கஞ்சியில் வெண்ணெய் இல்லையென்று பசுவையே அடித்துக் கொன்றுவிட்டு, அப்புறம் அடியில் உருகிக் கிடந்த வெண்ணெயைப் பார்த்து மனம் நொந்தாராம். பரிசு கொடுப்பதெல்லாம் அப்போது அவர் வேலையே இல்லை. அதற்கு ஒரு கிறிஸ்துமஸ் ஆடு இருந்தது.

அவர் எப்படி மாறினார் என்பதைக் கல்மார் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். இதே ஊரில் 1854இல் பிறந்தவர் ஓவியர் ஜென்னி நிஸ்ட்ரோம். 1881இல் விக்டர் ரிட்பெரியின் கவிதை ஒன்றுக்கு டொம்தேவை வரைந்தார். உறைபனி இரவில் ஊரே தூங்க, மனிதர்கள் எங்கிருந்து வந்து எங்கே போகிறார்கள் என்று தனியாக யோசித்துக்கொண்டிருக்கும் கிழவர் அவர். பிறகு வாழ்த்து அட்டைகளுக்காக நிஸ்ட்ரோம் வரைந்துகொண்டே போனார். அட்டைகளில் டொம்தேவின் கன்னம் சிவக்கிறது, சிரிக்கிறார், பரிசு மூட்டையோடு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறார். ஆனால் ஆள் வளரவில்லை. பல அட்டைகளில் கஞ்சிக் கிண்ணமும் பூனையும் கூடவே இருக்கின்றன. அந்தப் பழைய ஆளை அவர் விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அமெரிக்காவில் 1931 முதல் கோகோ கோலாவுக்காக ஹாடன் சன்ட்ப்ளோம் வரைந்த சான்டா ஆஜானுபாகு. அவரிடம் தொழுவத்து வாசனை இல்லை.

1960இல் ஹாரல்ட் வீபெரி அதே கவிதைக்கு மறுபடி படம் வரைந்தார். பனியும் நிலவும், நடுவே சின்னதாக டொம்தே. என் மனதில் நிற்பவர் அவர்தான்.

இப்போது ஒவ்வொரு 24ஆம் தேதியும் எங்கள் பால்கனியிலும் ஒரு கிண்ணம் வைக்கிறோம். வெண்ணெயைக் கடைசியில்தான் போடுவேன், மேலேயே கண்ணில் படுகிற மாதிரி.