வடசென்னையில் பள்ளி இடைநிற்றலைத் தடுக்க ஓர் அறக்கட்டளை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி – ராயபுரத்தான்

வணக்கம். ராயபுரத்தில் ஒரே மாநகராட்சிப் பள்ளியில் படித்த நண்பர்கள் ஐவர் சேர்ந்து, காசிமேடு, வியாசர்பாடி பகுதிகளில் படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்க எண்ணியிருக்கிறோம். எங்கள் சம்பளத்திலிருந்து மாதம் 25,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். சிங்கப்பூரில் இருக்கும் என் அத்தை மகனும் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார். நோட்டுப் புத்தகம், பை, சீருடை ஆகியவற்றை வாங்கித் தருவது, மிகவும் நொடிந்த குடும்பங்களுக்கு மாதாமாதம் சிறு தொகை கொடுப்பது என்பதே இப்போதைய திட்டம். அறக்கட்டளை, சங்கம், கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ் வரும் இலாப நோக்கமற்ற நிறுவனம் ஆகிய மூன்றில் எது எங்களுக்குப் பொருந்தும்? பதிவு முடிந்த பிறகுதான் பணியைத் தொடங்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1 – ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

தம்பி, தங்கள் எண்ணம் நல்லது. திட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, புத்தகப்பை, பேருந்துப் பயண அட்டை எல்லாம் விலையின்றிக் கிடைக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டியும் தருகிறார்கள். பள்ளியில் சோறு போடுவது இந்த ஊருக்குப் புதிதன்று. தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி 1920இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கிவிட்டது. 2022 செப்டம்பர் முதல் தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் சேர்ந்திருக்கிறது. இத்தனையும் இருந்தும் ஒரு பிள்ளை வகுப்புக்கு வராமல் போகிறான் என்றால், அவனுக்குப் பத்தாவது நோட்டு ஒன்றைக் கொடுத்து அவனைத் திருப்பி அழைத்துவர முடியாது.

பிள்ளைகள் எப்போது படிப்பை விட்டு நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புக்கும், எட்டோடு முடியும் நடுநிலைப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கும், பத்து முடிந்து பதினொன்றுக்கும் போகவேண்டிய அந்தக் கோடை விடுமுறைகளில்தான் பெரும்பாலும் கை நழுவுகிறது. மாற்றுச் சான்றிதழ் கொடுத்தவுடன் பிள்ளையின் பெயர், எல்லாப் பள்ளி மாணவர்களின் விவரமும் உள்ள ‘எமிஸ்’ என்னும் கல்வித் துறைக் கணினிப் பதிவேட்டில் ‘காமன் பூல்’ என்னும் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். அடுத்த பள்ளி அதை எடுத்துக்கொள்ளும் வரை அவன் எந்தப் பள்ளியின் மாணவனும் அல்லன். பழைய பள்ளிக்கு அவன் அனுப்பப்பட்டவன், புதிய பள்ளிக்கு இன்னும் வராதவன். இடையில் வீடு வீடாகப் போய்க் கேட்க ஆசிரியப் பயிற்றுநர்களுக்கு நேரம் போதுவதில்லை.

சட்டமும் ஏறக்குறைய அதே இடத்தில் கையை விட்டுவிடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தாலும், 14 முதல் 18 வரை உள்ளவர்களை அபாயகரமான தொழில்களிலிருந்து மட்டுமே விலக்கி வைக்கிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் சேரவேண்டிய பையன் மெக்கானிக் கடைக்கோ கேட்டரிங் வேலைக்கோ போனால், அதைக் குற்றம் என்று சொல்லித் தடுக்கப் பெரும்பாலும் யாராலும் முடியாது.

தாங்கள் சொல்லும் காசிமேட்டில் இன்னொன்றும் உண்டு. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். பள்ளி திறக்கும் ஜூன் தொடக்கத்தில் விசைப்படகை நம்பிய வீடுகளில் வருமானமே இராது. அந்த இரண்டு மாதத்தில் படகுகளுக்கு வர்ணம் அடிக்கவும் வலை பின்னவும் கூடப்போகும் பையன் கையில் காசு பார்த்துவிடுகிறான். சீருடையும் எட்டாம் வகுப்பு வரைதான் இலவசம். ஒன்பதுக்குத் துணி எடுத்துத் தைக்க வேண்டிய செலவு சரியாக அந்த வாரத்தில் வந்து நிற்கும். உங்கள் பணத்துக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது.

மற்றொரு வேலை, பத்தாம் வகுப்பில் ஓரிரு பாடங்களில் தவறியவர்களைத் துணைத்தேர்வுக்கு ஆயத்தம் செய்வது. மே மாதம் முடிவு வந்ததும் பெயரைப் பிடித்து, கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் வைத்து, தேர்வுக் கட்டணம் கட்டி, தேர்வு மையம் வரை கூட்டிச் சென்றால் அந்த ஆண்டே பதினொன்றில் சேர்த்துவிடலாம். விட்டால் பிறகு தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

பதில் 2 – மயிலாப்பூர் தணிக்கையாளர்

அம்மா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேட்டவர் சட்டப் பக்கத்தையும் கேட்டிருப்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

ஐந்து பேருக்கு அறக்கட்டளையே போதும். அறக்கட்டளைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். நோக்கப் பகுதியில் கல்வி, ஏழைகளுக்கு உதவுதல் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். அறக்கட்டளையைத் திரும்பப் பெற முடியாது என்பதும், அது கலைக்கப்பட்டால் சொத்து ஒத்த நோக்கமுள்ள வேறோர் அறநிறுவனத்துக்கே போகும் என்பதும் பத்திரத்தில் இருக்கட்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி சங்கத்துக்கு ஏழு பேராவது வேண்டும். ஆண்டுதோறும் பேரவைக் கூட்டமும் பதிவாளருக்குக் கணக்குத் தாக்கலும் உண்டு. 8ஆம் பிரிவு நிறுவனம் பெரிய நிதி எதிர்பார்ப்பவர்களுக்குச் சரி. மாதம் 25,000 ரூபாய்க்கு அந்தப் படிவச் சுமை தேவையில்லை.

பிறகு வருமான வரித் துறையில் இரண்டு பதிவுகள்: அமைப்பின் வருமானத்துக்கு விலக்கு பெற ஒன்று, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தர மற்றொன்று. எல்லோரும் 12ஏபி, 80ஜி என்று சொல்பவை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள். 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் வேறு என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் எந்தப் படிவம் என்பதைத் துறையின் வலைத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுப்பவருக்கு அந்த வரிச்சலுகை கிடைக்காது என்பதை நண்பர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூர்ப் பணத்தில் எச்சரிக்கை தேவை. அத்தை மகன் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், உறவினராகவே இருந்தாலும் அமைப்புக்கு அவர் தரும் ஒரு ரூபாயும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் வரும். அதற்கான பதிவைப் பெற மூன்று ஆண்டுகள் இயங்கியிருப்பதோடு 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டியிருக்கும். அதுவரை அந்தப் பணத்தைத் தொடவே கூடாது.

பதிவுக்கு முன் பணியைத் தொடங்கலாமா என்றால், உங்கள் சொந்தப் பணத்தில் தாராளமாகத் தொடங்கலாம். பிறரிடம் ஒரு பைசா வாங்கும் முன் அமைப்பின் பெயரில் பான் எண்ணும், இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும். ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணில் வசூலிக்கத் தொடங்கிய பல குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். நட்பு முறிந்ததுதான் மிச்சம்.

பதில் 3 – பெரும்பாக்கம் எட்டாவது மாடி

தலைமையாசிரியை அம்மா கோடை விடுமுறையைச் சொன்னார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ஆண்டின் நடுவிலும் அது நடக்கும். நீர்நிலைக் கரைகளில் இருந்த வீடுகளை இடித்துவிட்டு எங்களை நகருக்குத் தெற்கே பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொண்டுவந்தபோது பிள்ளைகளின் பள்ளி நகரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. சிந்தாதிரிப்பேட்டைக்குப் போக ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பயண அட்டை இருந்தாலும், விடியலில் கிளம்பும் பிள்ளை எத்தனை நாள் போவான்? இதேபோல் மக்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் முன்பே நடந்த கதைதான் இது. வடசென்னையில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், அப்படி ஒரு நாள் வரும் என்று எண்ணி எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்ற பட்டியலைக் கையில் வைத்திருங்கள்.

மாற்றுச் சான்றிதழ் வர நாளாகும் என்று சொல்லி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது; வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது. இதை அலுவலக மேசைக்கு முன் நின்று சொல்ல எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தயக்கம் இருக்கும். கூட ஒருவர் வந்து நின்றால் வேலை முடிகிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதாரில் எழுத்துப் பிழை, வங்கிக் கணக்கு என்று உதவித்தொகையைத் தடுப்பவை எல்லாம் இப்படிப்பட்ட சிறு தடைகள்தாம். அதற்கு அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஒரு தாய் இ-சேவை மையத்துக்கு எத்தனை முறை அலைவாள்?

ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் பள்ளி வழியாகவே செய்யப் பார்க்காதீர்கள். நின்றுவிட்ட பிள்ளையின் வீட்டை ஆசிரியரைவிட அதே தெருவில் இருக்கும் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் 25,000 ரூபாயில் பாதியை அந்தத் தெருவிலேயே வசிக்கும், பன்னிரண்டாவது முடித்த இரண்டு பெண்களுக்குப் பகுதிநேரச் சம்பளமாகக் கொடுங்கள். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் காலையில் அவர்கள் போய் நிற்கட்டும். கைக்குழந்தையான தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்ணும், பருவமடைந்த பிறகு திருமணப் பேச்சு தொடங்கிவிட்ட பெண்ணும் அவர்களிடம்தான் வாய் திறப்பார்கள்.

ராயபுரத்தான்

மூவருக்கும் நன்றி. அறக்கட்டளை என்று முடிவு செய்துவிட்டோம். நோட்டு, பைத் திட்டத்தையும் கைவிடுகிறோம். எட்டு, பத்து முடிக்கும் மாணவர்களை மட்டும், முதலில் இரண்டே பள்ளிகளில், எடுத்துக்கொள்ளலாமா என்று பேசி வருகிறோம். குடும்பங்களுக்கு மாதத் தொகை கொடுப்பது பற்றி மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. தந்தையை இழந்த ஒரு பையனின் வீட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தால் அவன் படிப்பை நிறுத்தமாட்டான் என்கிறார் நண்பர் ஒருவர்.

பதில் 4 – ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

அந்தப் பையனுக்கு உங்கள் ஆயிரத்தைவிடப் பெரிய தொகை அரசிடம் இருக்கிறது. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு; நகர்ப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரை இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் இருப்பவர்களுக்கும் 2025 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள். எது பொருந்துமோ அதற்கான தாள்களைத் திரட்டி, பணம் கணக்கில் விழும் வரை பின்தொடருங்கள். அது வரும் வரையிலான சில மாதங்களுக்கு மட்டும் உங்கள் பணத்தை, ரொக்கமாக இல்லாமல், மளிகைக் கடைக்காரரிடமோ தையல்காரரிடமோ நேராகக் கட்டிவிடுங்கள். முடிவில்லாத மாதத் தொகையைத் தொடங்கினால், உங்களில் ஒருவருக்கு வேலை போனால்கூட அந்த வீடும் சேர்ந்து தடுமாறும்.

பெரும்பாக்கத்து அம்மா சொன்ன இரண்டு பெண்கள் யோசனையை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களே என்பதால், அந்தப் பெண்களை அங்கே தேடத் தொடங்கலாம். பிள்ளைகளை யார் வீட்டிலும் இரவு தங்க வைக்காதீர்கள். தங்கும் இல்லம் நடத்த இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் தனிப்பதிவு வேண்டும். உதவி பெறும் பிள்ளையின் முகத்தை முகநூலில் போடுவதும் வேண்டாம். மாலை வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். ஏதேனும் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் நீங்களே விசாரணை நடத்தாமல் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பாலியல் குற்றம் என்றால் காவல் துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம்.

இரண்டு பள்ளிகள் என்பது சரியான அளவு. பள்ளியில் பணியாற்றக் கல்வித் துறை தரும் அனுமதிக் கடிதத்தோடு ஏப்ரல் இறுதிக்குள் தலைமையாசிரியர்களைப் பார்த்துவிடுங்கள். ஜூனில் போனால் சேர்க்கைக் கூட்டத்தில் அவர்களுக்கு உங்கள் முகத்தைப் பார்க்கக்கூட நேரம் இராது. நானும் அப்படித்தான் பலரை வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறேன்.