மறு: ‘சோமடைசேஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

‘சோமடைசேஷன்’ என்ற ஆங்கில மருத்துவச் சொல்லுக்கு ‘உளவுடல் நோய்’ என்றே வைத்துவிடலாம் என்று புதுச்சேரி நண்பர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான். ஆனால் ‘சைக்கோசொமாட்டிக்’ (மனநிலையால் உண்டாகும் அல்லது கூடும் உடல்நோய்) என்பதற்கு அதைப் பலர் எழுதிப் பழகிவிட்டார்கள். தவிர, அதில் ‘நோய்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனத்தில் தாங்க முடியாதது உடம்பில் வலியாக, படபடப்பாக, மூச்சு முட்டலாக வெளிப்படுகிறதே, அந்த நிகழ்வுக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு வயிற்றைக் கலக்குவதும் அதில் அடங்கும். அதை யாரும் நோய் என்று சொல்ல மாட்டோம்.

> ‘பொய்வலி’ என்றால் சட்டென்று எல்லோருக்கும் புரியுமே?

இன்னொருவரின் இந்த யோசனையை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். முதலாவது, பிரசவ வார்டில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறது: உண்மையான பிரசவ வலிக்கு முன்னால் வந்து போகும் வலி. இரண்டாவதுதான் முக்கியம்: அந்த வலி பொய் இல்லை. பயமோ பதற்றமோ வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, குடலின் இயக்கம் மாறுகிறது. மூச்சு வேகமாக வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிறது. கவலையில் கழுத்துத் தசை நாள் கணக்கில் இறுகியே இருந்தால் தலைவலி வராமல் என்ன செய்யும்? இதில் எதையும் வலிப்பவர் கற்பனை செய்யவில்லை.

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் மஞ்சள் பையைத் திறந்தால் ஈசிஜி, எக்கோ, எண்டோஸ்கோபி என்று ரிப்போர்ட்டுகளாகவே இருக்கும், ஓரம் மடங்கி, தேதி வாரியாக அடுக்கி. கணவர் இறந்த பிறகு தொடங்கிய நெஞ்சடைப்பு. போன இடத்திலெல்லாம் ‘எல்லாம் நார்மல், ஒண்ணுமில்ல’ என்று அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து வீட்டிலும் ‘நடிக்கிறாள்’ என்ற பேச்சு. ‘ஒண்ணுமில்லன்னா ராத்திரியில நெஞ்ச அடைக்கறது எது தம்பி?’ என்று என்னிடம் கேட்டார். நாம் வைக்கும் சொல் இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்க வேண்டும். ‘பொய்’ என்று தொடங்கும் சொல்லை அவர் முன்னால் எப்படி உச்சரிப்பது?

என் பரிந்துரை: உளமெய்ப்பாடு.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். உள்ளத்தில் எழுவது மெய்யில், அதாவது உடம்பில், தோன்றுவதால் மெய்ப்பாடு என்பது பழைய விளக்கம். நமக்குத் தேவையான கருத்தில் முக்கால் பங்கு அங்கேயே இருக்கிறது. (சங்கப் பாடல்களில் தலைவியின் மெலிவையும் பசலையையும் (பிரிவால் மேனி நிறம் மாறுவது) பார்த்த தாய், முருகன் அணங்கியதாக எண்ணி வேலன் என்ற பூசாரியை அழைத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்துவாள். தோழிக்கு மட்டும் காரணம் காதல் என்று தெரியும். உடம்பைப் பார்த்து மனத்தைத் தவறவிடும் கதை நமக்குப் புதிதே இல்லை.)

நம் குழுவில் உள்ள இலக்கண ஆசிரியர் அம்மையார் இரண்டு மறுப்புகள் எழுதியிருந்தார்கள். மெய்ப்பாடு இலக்கியக் கலைச்சொல், குழப்பும் என்பது ஒன்று. அதற்காகத்தான் முன்னால் ‘உள’ சேர்த்தேன். ‘மெய்’ என்றால் உண்மை என்றும் படிப்பார்களே என்பது இன்னொன்று. படிக்கட்டும், நல்லதுதான். இந்த வலி மெய்யிலும் இருக்கிறது, மெய்யாகவும் இருக்கிறது. ஆனால் வினையாக்கும்போது கவனம் தேவை. ‘அவர் துக்கம் மெய்ப்பட்டது’ என்று எழுதினால் ஏதோ பலித்துவிட்டது போல ஆகிவிடும். அங்கே ‘உளமெய்ப்பாடாக வெளிப்பட்டது’ என்று நீட்டித்தான் எழுத வேண்டும்.

நோய்ப் பெயர்களைத் தனியாக வைத்துக்கொள்வோம். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு), ‘சொமாட்டிக் சிம்ப்டம் டிஸ்ஆர்டர்’ என்ற நோய்க்கு ‘மருத்துவக் காரணம் தெரியாத’ என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது. சர்க்கரை நோயோ இதய நோயோ இருப்பவருக்கும், அறிகுறியைப் பற்றிய அச்சமும் நினைப்பும் வாழ்க்கையை அளவுக்கு மீறி ஆட்டிப்படைத்தால், இந்த நோயறிதல் பொருந்தலாம். ஆகவே ‘காரணமறியா உடல்நோய்’ என்று சிலர் முன்வைத்தது இன்றைய நிலைக்குப் பொருந்தாது. 2022 முதல் நடைமுறையில் உள்ள ஐசிடி-11 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு) ‘பாடிலி டிஸ்ட்ரஸ் டிஸ்ஆர்டர்’ என்கிறது. அதற்கு ‘உடல் துயர்க் கோளாறு’ என்று வைக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உளமெய்ப்பாடு என்ற சொல் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக, நெஞ்சு வலி என்று வருபவரை ஈசிஜி எடுக்காமல் அனுப்பும் வழக்கம் வந்துவிடக் கூடாது. வரையறையிலேயே ‘உரிய பரிசோதனையோடு சேர்த்து’ என்ற தொடரைச் சேர்க்கச் சொல்கிறேன்.

அப்புறம், இது புத்தகத்துக்கான சொல். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பவரிடம் ‘உங்களுக்கு உளமெய்ப்பாடு’ என்று சொல்லிப் பயனில்லை. நம் ஊர்ப் பேச்சிலேயே ‘மனசுல இருக்கறது உடம்புல காட்டுது’ என்று இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர்களுக்கு நான் தயாரிக்கும் கையேட்டில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: ‘உங்க வலி நிஜம். டெஸ்ட்ல இதயம் நல்லா இருக்கு. மனசுல இருக்கற பாரமும் இப்படி உடம்புல காட்டும். ரெண்டையும் சேர்த்தே பார்ப்போம்.’ தேவனாம்பட்டினம் போன்ற சுனாமி பட்ட ஊர்களில் வேலை செய்பவர்களுக்கு இந்த நாலு வரி கட்டாயம் உதவும்.

இனி ‘உடல் துயர்க் கோளாறு’ என்பதில் உள்ள ‘துயர்’ பற்றி மட்டும் முடிவு செய்ய வேண்டும். ‘உடல் வேதனைக் கோளாறு’ என்றால் வலி மட்டும் என்று படித்துவிடுவார்கள். தலைச்சுற்றல், அசதி, மூச்சு முட்டல் எல்லாம் வெளியே நின்றுவிடும். அதனால் நான் துயர் பக்கம். குழுவில் உள்ள மருத்துவர்கள் இருவரும் கருத்து எழுதினால் கையேட்டை அச்சுக்கு அனுப்பிவிடலாம்.

அன்புடன்,
கடலூரிலிருந்து