ஜாவாஎஃப்எக்ஸ் திரை வருது, ஸ்பிரிங் சர்வீஸ் மட்டும் நல்னு (null, காலியா) நிக்குது

கேள்வி: திருப்பூர் பனியன் யூனிட்டுக்கு பீஸ்ரேட் கூலிக் கணக்கு மென்பொருளுங்க. உள்வேலைக்கு ஸ்பிரிங் பூட், திரைக்கு ஜாவாஎஃப்எக்ஸ், ரெண்டும் ஜாவா கருவிங்க. திரை திறக்குது, "சேமி" அழுத்துனா நல்பாயின்டர்எக்செப்ஷன் (காலியா இருக்கறதைக் கூப்பிட்ட பிழை). சர்வீஸை ஸ்பிரிங்கே உள்ள வைக்கட்டும்னு ஆட்டோவயர்டு போட்டிருக்குதுங்க.

பதில் 1: ஆட்டோவயர்டு மேல தப்பில்லீங்க. திரைக் கோப்பைப் படிக்கற எஃப்எக்ஸ்எம்எல்லோடர், பட்டன் வேலையைப் பாக்கற கன்ட்ரோலரைத் தானே நியூ போட்டு உருவாக்கிக்குது. ஸ்பிரிங்குக்கு அது தெரியவே தெரியாது. அப்புறம் யாரு சர்வீஸை உள்ள வைக்கிறது? ஜாவாஎஃப்எக்ஸ் ஸ்டார்ட்()டுக்கு முன்னாடி கூப்பிடற இனிட்() உள்ள ஸ்பிரிங்அப்ளிகேஷன்பில்டர் வெச்சு கன்டெய்னரை (ஸ்பிரிங் தன் பொருள்களை வெச்சிருக்கற இடம்) எழுப்பி, அதைக் குறிக்கற கான்டெக்ஸ்ட்டை ஃபீல்டுல வெச்சுக்குங்க. ஸ்டார்ட்()ல, லோட்() கூப்பிடறதுக்கு முன்னாடியே, கன்ட்ரோலரை ஸ்பிரிங்கிட்ட வாங்கச் சொல்லி இந்த ஃபேக்டரி வரியைப் போடுங்க:

லோடர்.செட்கன்ட்ரோலர்ஃபேக்டரி(கான்டெக்ஸ்ட்::கெட்பீன்);

கன்ட்ரோலர் தலையில காம்பொனென்ட் அனோட்டேஷன் இருக்கோணும், அப்பத்தான் ஸ்பிரிங் அதைத் தன் பொருளா எடுத்துக்கும். ஒரே திரையை ரெண்டு ஜன்னல்ல திறப்பீங்கன்னா ஸ்கோப்பை புரோட்டோடைப் (கேக்கும்போதெல்லாம் புதுசு) ஆக்கிருங்க, இல்லாட்டி ரெண்டும் ஒரே கன்ட்ரோலரைப் பங்கு போட்டுக் கணக்கு கலந்துரும்.

பதில் 2: இனிட்() ஓடறது லாஞ்சர் த்ரெட்டுலங்க. அங்க ஸ்டேஜ் (ஜன்னல்), சீன் (ஜன்னலுக்குள்ள வர்ற திரை) உருவாக்கக் கூடாது. ஏதாவது பீன் (ஸ்பிரிங் வெச்சிருக்கற பொருள்) தன் கன்ஸ்ட்ரக்டர்ல ஸ்டேஜ் உருவாக்குனா கன்டெய்னர் எழும்போதே இல்லீகல்ஸ்டேட்எக்செப்ஷன் வந்து நின்னுரும். அதுக்கு லேஸி போடுங்க, தேவைப்படும்போது மட்டும் உருவாகும். மூடும்போது ஓடற ஸ்டாப்()ல கான்டெக்ஸ்ட்.க்ளோஸ்() மறந்துராதீங்க.

கேள்வி கேட்டவர்: ஃபேக்டரி வரி லோட்()டுக்கு அப்புறம் இருந்துச்சுங்க. மேல ஏத்துனதும் சேமிக்குது. ரொம்ப நன்றிங்க.