நானோ வெள்ளி: தட்டில் மடியும் புற்று, உடலிலும் மடியுமா?

வேம்பன்:
வேப்பிலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தால், நிறம் பழுப்பாக மாறும். நானோ வெள்ளி, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள், உருவாகிவிட்டது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். முனைவர் பட்டத்துக்காக நான்கு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். அதைச் சேர்த்தால் என் ஆய்வகத் தட்டுகளில் ஈ.கோலை பாக்டீரியா வளர்வதில்லை, மார்பகப் புற்றுநோய் செல்களும் மடிகின்றன. மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, இதைப் பயன்படுத்த மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

தீக்காயப் பிரிவு செவிலி:
வெள்ளியைக் கண்டு நாங்கள் தயங்கவில்லை, தம்பி. 1968இல் வந்த சில்வர் சல்ஃபாடயசின் களிம்பை இருபது ஆண்டுகளாக என் கையால் பூசிவருகிறேன். அது புண்ணின் மேல் பூசுவது. புற்றுக்கு நீங்கள் இரத்தத்துக்குள் செலுத்த வேண்டும். பத்தாண்டு விலங்கு ஆய்வுகளை 2016இல் அலசியபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலை அளவாக (பாதி ஆய்வுகளில் இதற்கும் குறைவு) வெறும் 0.7 சதவீதம். கல்லீரலும் மண்ணீரலும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. சிங்கப்பூரில் 2009இல் வெளியான ஆய்வில் மூளைக்கட்டிச் செல்கள் மட்டுமல்ல, இயல்பான நுரையீரல் செல்களும் சேதமடைந்தன. உங்கள் தட்டில் இயல்பான செல்களை வைத்துப் பார்த்தீர்களா?

வேம்பன்:
இன்னும் இல்லை, அக்கா. ஆனால் நானோ அளவுக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து 1995இலேயே அனுமதி பெற்றதே! நானோ வழி மூடிய வழி அல்ல. கிருமிகளைப் பொறுத்தவரை வெள்ளி அயனி (மின்னேற்றம் கொண்ட வெள்ளி அணு) புரதங்களின் கந்தகத்தைப் பற்றுகிறது, செல் சவ்வைக் குலைக்கிறது. ஒரே நேரத்தில் பல இடங்களில் அடி விழுவதால், கிருமி எளிதில் தப்ப முடியாது.

தீக்காயப் பிரிவு செவிலி:
தப்பியிருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் வெள்ளிக்கு அடங்காத சால்மொனெல்லா பாக்டீரியா பரவியதாக 1975இல் அறிக்கை வெளியானது. அது ஆம்பிசிலின், குளோராம்பெனிகால் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளுக்கும்கூட அடங்கவில்லை. குமிழிக்குள் இருந்தது பல ஆண்டுகள் சோதித்த மருந்து. புற்றுநோய்க்கென்று அனுமதி பெற்ற நானோ வெள்ளி மருந்து ஒன்றுகூட இல்லை.

மூத்தமகள்:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். தெரிந்தவர் ஒருவர் 'வெள்ளி நீர்' என்று ஒரு புட்டி கொடுத்தார், கூடவே ஓர் ஆய்வுக் கட்டுரையின் நகலும். அதில் 'புற்றுநோய் மருந்தாகப் பயன்படக்கூடும்' என்ற வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தார். அம்மா அதை நம்பிக் கீமோதெரபியை இரண்டு மாதங்கள் தள்ளிப்போட்டுவிட்டார்.

வேம்பன்:
நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. அதே வரியை என் கட்டுரையின் முடிவிலும் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அந்த நீரை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கூழ்ம வெள்ளி (நீரில் மிதக்கும் நுண் வெள்ளித் துகள்கள்) கலந்து கடையில் விற்கும் மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பயனுள்ளவை என்றோ ஏற்கப்பட்டவை அல்ல என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999இலேயே அறிவித்துவிட்டது. தொடர்ந்து குடித்தால் தோல் நீலச் சாம்பலாகிவிடும். அந்த நிறம் பெரும்பாலும் திரும்புவதில்லை. 2002இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸுக்கு அப்படித்தான் ஆனது. இயல்பான செல்களில் சோதிக்காமல் அந்த வரியை இனி எழுத மாட்டேன்.

ஆனால் கிருமி விஷயத்தில் நான் பின்வாங்கவில்லை, அக்கா. வெள்ளி பூசிய சுவாசக் குழாய்களை வைத்து நடந்த 2008ஆம் ஆண்டு ஆய்வில், செயற்கைச் சுவாசத்தால் வரும் நிமோனியா 7.5 சதவீதத்திலிருந்து 4.8ஆகக் குறைந்தது.

தீக்காயப் பிரிவு செவிலி:
நிமோனியா குறைந்தது, இறப்பு குறையவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழாயிலும் கட்டுத்துணியிலும் வெள்ளிக்கு இடமுண்டு என்பதில் நமக்குள் சண்டை இல்லை.

மகளே, அம்மாவைத் திட்டாதீர்கள். அந்தப் புட்டியை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எவ்வளவு நாள், எத்தனை வேளை குடித்தார் என்று எழுதிக்கொண்டு போங்கள்.

மூத்தமகள்:
திங்கட்கிழமை காலை போகிறோம். புட்டியைப் பையில் வைத்துவிட்டேன்.